மேலே மடித்த பயோடேட்டா

கிளட்ச் தீயும் வாடை உனக்கு நினைவிருக்கிறதா? ரப்பரும் தலைமுடியும் சேர்ந்து கருகின மாதிரி மூக்கில் ஏறுமே, அதுதான். இன்று காலை ஏழு மணிக்கு, தேங்காய்த்திட்டுத் துறைமுகத்துக்குப் போகிற வழியில், பாலத்து ஏற்றத்தில் வந்தது. நீ கருக்கிய அதே ஏற்றம். வண்டியும் அதேதான். கிளட்ச் மட்டும் புதிது. அதிலும் இன்று பாதி போய்விட்டது.

இன்று ஓட்டியவர் அஞ்சலாட்சி அக்கா. குருசுக்குப்பத்துக்காரர், ஐம்பது வயது, மீன் வியாபாரம். துறைமுகத்தில் ஏலம் எடுத்த மீனைக் கொண்டுவர லோடு ஆட்டோவுக்குக் காத்திருந்து காத்திருந்து அலுத்துப்போய், சின்ன வண்டி ஒன்றைத் தானே வாங்கித் தானே ஓட்டிக்கொள்வதாக முடிவு செய்து என்னிடம் கற்றுக்கொள்ள வந்தவர். ஏற்றத்தில் வண்டி பின்வாங்குகிறது. பின்னால் பஸ்காரர் ஹாரனில் கை வைத்தவர் எடுக்கவே இல்லை. அக்கா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "இன்னாய்யா அவசரம்? உன் வண்டியில இன்னா மீனா நாறிப்போவுது?" என்று கேட்டார். நான் சிரித்த சிரிப்பில் சொல்லிக்கொடுக்கிற என் காலடியிலும் ஒரு பிரேக் இருப்பதையே மறந்துவிட்டேன். நல்ல வேளை, பஸ்காரர் மறக்கவில்லை.

சிரித்து முடித்து மூச்சை இழுத்தபோதுதான் அந்த வாடை ஏறியது. உடனே நீ வந்துவிட்டாய். நீ போய் ஒன்றரை வருடம் ஆகிறது. ஆனாலும் பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, "என்னை மட்டும் திட்டின இல்ல?" என்று கேட்பது போலவே இருந்தது. ஆமாம், உன்னை மட்டும்தான் திட்டினேன். உன்னைத் திட்ட எனக்கு உரிமை இருந்தது.

வாடை மட்டும் என்றால் சிரித்துவிட்டு விட்டிருப்பேன். நேற்று மத்தியானம் நம் முதலாளி போன் செய்தார். 'நம்' என்று எழுதுகிறேன் பார், அந்த ஆபீசை விட்டு வந்து மூன்று வருடம் ஆகிவிட்டது. உன் நாற்காலி இன்னும் காலியாக இருக்கிறதாம். மூன்று பேரை உட்கார வைத்துப் பார்த்தாராம், ஒருவரும் தேறவில்லையாம். "நீ வந்து உக்காந்தாத்தாம்மா சரியா இருக்கும். நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள ஒரு வார்த்தை சொல்லிடு" என்றார். ஊருக்கெல்லாம் ஆள் பிடித்துக் கொடுக்கிற ஆபீசுக்குத் தனக்கு ஓர் ஆள் கிடைக்கவில்லை. நீ இருந்திருந்தால் இதைச் சொல்லியே ஒரு வாரம் சிரித்திருப்பாய்.

போனிலேயே வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மழைக்காலம் வந்துவிட்டால் யாரும் கார் பழக வருவதில்லை. மாதா மாதம் சம்பளம் வருவது எவ்வளவு பெரிய சுகம் என்பது அது நின்ற பிறகுதான் தெரிகிறது. அதெல்லாம் இருக்கட்டும். உன் நாற்காலி என்று அவர் சொன்னாரே. அதில் முன்பின் தெரியாத யாரோ உட்காருவதைவிட நான் உட்காரலாமே என்று ஓர் ஆசை வந்துவிட்டது. வீட்டுக்காரரிடம் கேட்டேன். "நல்லா யோசிச்சுச் சொல்லு" என்று சொல்லிவிட்டு பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். எந்தப் பக்கமும் சாயாத மனிதர், உனக்குத் தெரியாதா.

நேரு வீதியில் பாத்திரக் கடைக்கு மேலே நம் ஆபீஸ். கீழே யாராவது குடத்தைத் தட்டிப் பார்த்தால் மேலே நமக்குப் போனில் பேசுவது கேட்காது. இரண்டு மேசைக்கு நடுவில் ஒரு ஃபேன். அது உன் பக்கம் திரும்பும்போது என் காகிதங்கள் அமைதியாக இருக்கும், என் பக்கம் திரும்பும்போது நான் இரண்டு கையாலும் மேசையைக் கட்டிப்பிடித்துக்கொள்வேன். அந்த ஃபேனுக்கு அடியில் பதினான்கு வருடம். சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கெல்லாம் ஆள் எடுத்துக் கொடுத்தோம். எப்போது சேர்வீர்கள், பழைய வேலையை ஏன் விடுகிறீர்கள், எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள். இந்த மூன்று கேள்வியை நான் எத்தனை ஆயிரம் தடவை கேட்டிருப்பேன் என்று நினைத்தால் இப்போதும் தொண்டை வறள்கிறது.

முதல் வாரமே உன்னிடம் மாட்டிக்கொண்டேன். ஒரு பயோடேட்டாவைப் பார்த்து, "இது எங்க ஊர்ப் பக்கத்துப் பொண்ணு" என்று சந்தோஷமாகத் தனியே எடுத்து வைத்தேன். நீ எழுந்து வந்தாய். அந்தக் காகிதத்தின் மேல் நான்கு விரல் அகலத்தைப் பின்பக்கமாக மடித்து, நகத்தால் அழுத்தித் தேய்த்தாய். பெயர், அப்பா பெயர், ஊர், போட்டோ எல்லாம் பின்னால் போய்விட்டன. "பேரைப் பாத்தா கண்ணு அங்கேயே நின்னுடும்டி. கீழ போகாது" என்றாய். அன்றிலிருந்து நம் இருவர் மேசைக்கும் வருகிற எல்லாக் காகிதமும் தலை மடங்கித்தான் வந்தது. முதலாளிக்கு அது ஏதோ ஃபைலிங் முறை என்று எண்ணம். நாமும் அவரைத் திருத்தவில்லை.

இன்னொரு சட்டமும் நீ போட்டதுதான். சேர்ந்த புதிதில் ஒரு நாள், ஒரே காலையில் முப்பது பேரைக் கழித்துக்கட்டிவிட்டேன் என்று பெருமையாக உன்னிடம் சொன்னேன். நீ பாராட்டவில்லை. அந்த முப்பதையும் வாங்கி மறுபடி படித்து, அதிலிருந்து நாலு பேரை வெளியே எடுத்து வைத்தாய். "வேணும்னு சொல்ல ஒரு ஆளு போதும். வேணாம்னு சொல்ல ரெண்டு பேரு வேணும்." அதற்குப் பிறகு நான் சிவப்பு மையில் வேண்டாம் என்று எழுதினால் கீழே உன் கையெழுத்தும் விழுந்தாக வேண்டும், நீ எழுதினால் என்னுடையது. கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் பழகிய உருண்டைக் கையெழுத்து உனக்கு. கடைசி எழுத்தின் வாலை மட்டும் காகித ஓரம் வரை இழுத்துவிடுவாய்.

உனக்கு அந்த வேலை எப்படிப் பிடித்திருந்தது! அந்தப் பையனை நினைத்துப் பார். உங்கள் பலவீனம் என்ன என்று கேட்டேன். "காலைல எழுந்திரிக்க முடியாது மேடம்" என்றான். வந்திருப்பதோ ஆறு மணி ஷிப்டுக்கு. நான் காகிதத்தை மூடப் போனேன். நீ எட்டிப் பார்த்து, "பலம் என்னா தம்பி?" என்று கேட்டாய். "ராத்திரியில தூக்கமே வராது மேடம்." அவனை நைட் ஷிப்டில் போட்டுக் கொடுத்தாய். இன்று அவன் அங்கே சூப்பர்வைசர். வேலையில் சேர்ந்த ஒவ்வொருவரையும் இரண்டாவது திங்கட்கிழமை போனில் கூப்பிட்டு, வேலை எப்படி என்று கேட்காமல், "அங்க சாப்பாடு எப்படி இருக்கு?" என்று கேட்பாய். நான் அதை நேரவிரயம் என்பேன். எனக்கு அந்த வேலை தெரியும். உனக்கு அது பிடிக்கும். இந்த வித்தியாசம் எனக்குப் புரியப் பதினான்கு வருடம் ஆயிற்று.

என் சந்தோஷம் ஞாயிற்றுக்கிழமையில் இருந்தது. அப்பாவின் டிராக்டரில் பழகிய கை எனக்கு. எங்கள் தெருவில் ஒரு அக்கா விளையாட்டாகக் கேட்கப் போய், என் பழைய காரில் உப்பளம் மைதானத்துப் பக்கம் கூட்டிப்போய்க் கற்றுக்கொடுத்தேன். அவரைப் பார்த்து இன்னொருவர், அவரைப் பார்த்து இன்னொருவர். ஒன்பது பேர் லைசென்ஸ் வாங்கிவிட்டார்கள். திங்கட்கிழமை வந்து அந்தக் கதைகளையெல்லாம் உன்னிடம் அளப்பேன். நீ கன்னத்தில் கை வைத்துக் கேட்டுவிட்டு, "திங்கக்கிழமை மட்டும் உன் மூஞ்சி பாக்கற மாதிரி இருக்குடி" என்பாய். கிண்டல் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் அந்த நாள். ஆபீசில் தலைமைப் பொறுப்புக்கு ஒரு நாற்காலி போடப்போவதாக முதலாளி அறிவித்திருந்தார். வெளியிலிருந்தும் பயோடேட்டா வாங்கினார். அந்த நாற்காலி எனக்குத்தான் என்று எனக்குள் ஒரு கணக்கு. வாய்விட்டுச் சொல்லவில்லை என்றாலும் உனக்குத் தெரியும். நீ ஒரு பன்னிரண்டு காகிதத்தை வழக்கம்போலத் தலை மடித்து என் மேசையில் வைத்தாய். ஒரு மடக்கு டீ குடிக்கிற நேரத்தில் ஒரு பயோடேட்டாவைப் படித்துவிடுவேன் என்று எனக்கு ஒரு திமிர் உண்டு அல்லவா, அந்தத் திமிரோடே படித்தேன். ஏழாவதோ எட்டாவதோ. ஒரே கம்பெனியில் பதினான்கு வருடம். போனில் பேசுவதில் கெட்டி. வேகம் உண்டு. கடைசி வரியில் பொழுதுபோக்கு: ஞாயிற்றுக்கிழமைகளில் தெருப் பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தல், இதுவரை ஒன்பது பேர் லைசென்ஸ் வாங்கியுள்ளனர்.

நான் சிவப்புப் பேனாவை எடுத்து எழுதினேன்: 'வேண்டாம். இவர் மனசு இந்த வேலையில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை செய்வதை எல்லா நாளும் செய்ய வேண்டிய ஆள். இந்த நாற்காலியில் உட்கார வைத்தால் ஆறு மாதத்தில் அவருக்கும் கஷ்டம், நமக்கும் கஷ்டம்.' கையெழுத்துப் போட்டு உன் பக்கம் தள்ளிவிட்டு அடுத்த காகிதத்தை எடுத்துவிட்டேன்.

நீ படித்தாய். கீழே உன் கையெழுத்தைப் போட்டு, வாலை ஓரம் வரை இழுத்தாய். அதற்குப் பிறகுதான் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினாய். அழுகிறாய் என்று பதறி எழுந்தேன். நிமிர்ந்தபோது சிரித்துச் சிரித்துக் கண்ணெல்லாம் தண்ணீர். "மடிப்பைப் பிரிடி" என்றாய். பிரித்தேன். என் பெயர். என் அப்பா பெயர். என் ஊர். ஆபீஸ் அடையாள அட்டையில் திருடி மாதிரி முழித்துக்கொண்டிருக்கிற என் போட்டோ. எல்லாம் எனக்குத் தெரியாமல் நீயே எழுதி நடுவில் செருகியது. ஊரார் ஜாதகத்தையெல்லாம் புட்டுப் புட்டு வைக்கிற ஜோசியருக்குத் தன் ஜாதகம் அடையாளம் தெரியவில்லை.

நான் சிரிக்கவில்லை. மூன்று நாள் உன்னோடு பேசவில்லை. நீ அனுப்பிய டீயைத் திருப்பி அனுப்பினேன், பாதியைக் குடித்துவிட்டுத்தான் அனுப்பினேன் என்பது உனக்கும் தெரியும். நாலாவது நாள் நானே வந்து, இன்றைக்கும் சொல்லக் கூசுகிற ஒன்றைக் கேட்டேன். "நான் போயிட்டா அந்த நாற்காலியில யாரு உக்காருவா?"

"நான்தான்" என்றாய்.

"அதுக்குத்தான் என்னைக் கிளப்பறியா?"

வேறு யாராக இருந்தாலும் முகம் சுண்டிப்போயிருக்கும். நீ ஒரு நிமிஷம் யோசித்தாய். "எனக்கு அந்த நாற்காலி வேணும். ஆசையா இருக்கு. உனக்கு அது வேணாம். ரெண்டும் நெஜம்தான்டி" என்றாய். இவ்வளவு நேராக ஒரு பதிலை அந்த ஆபீசில் எந்த நேர்காணலிலும் நான் கேட்டதில்லை. கோபம் போன இடம் தெரியவில்லை. அந்த வாரமே ராஜினாமாக் கடிதம் கொடுத்தேன். வயது நாற்பத்தொன்று, கல்லூரிக்குப் போகிற மகள், பழைய கார் ஒன்று. இவ்வளவுதான் என் கையில் இருந்தது.

கடைசி நாள் கீழே டீக்கடையில் எனக்கு விடைபெறும் நேர்காணல் நடத்தினாயே! மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, "வேலையை விடக் காரணம்?" என்று கேட்டாய். "பக்கத்து மேசைக்காரி" என்றேன். அதை அப்படியே எழுதிக்கொண்டாய். பிறகு பையிலிருந்து அந்தச் சிவப்பு மைக் காகிதத்தை எடுத்து, பழைய மடிப்பிலேயே மடித்து, என் கையில் கொடுத்தாய். "இந்தா, உன் ரிலீவிங் ஆர்டர்." இரண்டு வடையும் வாங்கிக் கொடுத்தாய். ஒன்றை நீயே தின்றாய்.

இதையே தொழிலாக எடுத்த பிறகு என் முதல் மாணவியாக வருவேன் என்று சொன்னவள் சொன்னபடியே வந்தாய். அந்தக் கண்ணராவியை எப்படி மறப்பேன். ஸ்டியரிங்கைப் பிடிப்பதற்கு முன் சிலுவை போட்டுக்கொள்வாய். உன் அப்பா வீட்டில் பேசிய பிரெஞ்சு அத்தனை வருடம் எங்கே ஒளிந்திருந்ததோ, பயம் வந்தால் அதுதான் வெளியே வரும். உப்பளத்தில் குறுக்கே ஒரு மாடு வந்தது. நீ பிரேக் போடவில்லை. "பர்தோன்!" என்று மாட்டிடம் மன்னிப்புக் கேட்டாய். பிரேக்கை நான் போட்டேன். மாடு நம் இருவரையும் பார்த்துவிட்டு மெதுவாகப் போயிற்று. அன்றைக்கு மைதானத்து ஓரம் வண்டியை நிறுத்திவிட்டு நாம் சிரித்ததைப் பார்த்து, கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள்.

இரண்டு தடவை டெஸ்டில் தோற்றாய். மூன்றாவது தடவை தேறினாய். லைசென்ஸ் கைக்கு வந்த அன்று நேராகத் துறைமுகத்துக்குப் போகலாம் என்றாய், பாலத்து ஏற்றத்தில் கிளட்சைக் கருக்கினாய், நான் திட்டினேன், நீ அதைவிடச் சத்தமாகப் பாட்டுப் பாடினாய். ஒரு கூடை கானாங்கெளுத்தி மீன் வாங்கிப் பின் சீட்டில் வைத்தாய். ஒரு மாதம் என் மாணவிகள் மூக்கைப் பொத்திக்கொண்டே கியர் மாற்றப் பழகினார்கள்.

அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை, அந்தத் தலைமை நாற்காலியிலேயே, போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டாயாம். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது என்றார்கள். கல்லறைக்கு உன் அம்மாவை என் வண்டியில்தான் கூட்டிப் போனேன். அந்த நைட் ஷிப்ட் பையன் வந்திருந்தான். உன்னால் வேலை கிடைத்தவர்கள் எத்தனை பேர் வந்திருந்தார்கள் தெரியுமா? கோயிலில் இடம் போதவில்லை. ஒவ்வொருவரும் என்னிடம் சொன்னது ஒன்றுதான்: சாப்பாடு எப்படி இருக்கு என்று கேட்டார்கள், மேடம். நேரவிரயம் என்று சொன்ன என் வாயை நான் அன்று அடித்துக்கொண்டேன். நீ இல்லாதது எனக்கு இன்னும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. சிரிக்கும்போதுதான் அதிகம் கஷ்டமாக இருக்கிறது, ஏனென்றால் பாதிச் சிரிப்பு உன்னிடம் இருக்கிறது.

இன்று காலைக்கு வருகிறேன். ஒரு வழியாக ஏற்றத்தைத் தாண்டித் துறைமுகம் போய்ச் சேர்ந்தோம். அஞ்சலாட்சி அக்கா கூடையோடு ஏலத்துக்குள் புகுந்துவிட்டார். ஏலக்காரர் குரலைவிட அவர் குரல்தான் வெளியே கேட்டது. நான் வண்டியில் உட்கார்ந்து முதலாளிக்கு என்ன சொல்வதென்று யோசித்தேன். போகலாம் என்று ஒரு மனசு. உன் மேசையைத் தொடலாம், உன் ஃபேனின் காற்றை வாங்கலாம். டாஷ்போர்டைத் திறந்தேன். ஆர்.சி. புத்தகத்துக்கு அடியில் அந்தக் காகிதம். மடித்தபடியே படித்தேன், ஒரு மடக்கு டீ குடிக்கிற நேரத்துக்கு அல்ல, நிதானமாக.

கீழே என் கையெழுத்து. அதற்கும் கீழே உன்னுடையது, காகித ஓரம் வரை வால். நான் தெரியாமல் போட்டேன். நீ தெரிந்தே போட்டிருக்கிறாய்.

போனில் அதைப் படம் எடுத்து முதலாளிக்கு அனுப்பினேன். கீழே இப்படி எழுதினேன்: 'சார், இந்த ஆளை நாங்க ஏற்கெனவே பாத்துட்டோம். வேணாம்னு ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கோம்.'

உடனே கூப்பிட்டார். "அந்த வால் எழுத்து அவங்களோடதாம்மா?" என்றார். ஆமாம் சார் என்றேன். "அப்ப நான் ஒண்ணும் சொல்றதுக்கில்ல. நல்லா இரும்மா" என்றார். புது ஆளுக்கு வருகிற பயோடேட்டாக்களைத் தலையை மடித்துவிட்டுப் படிக்கச் சொன்னேன். "அது ஃபைலிங்குக்கு இல்லியா?" என்றார் பாவம்.

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அக்கா நெய்மீன் கூடையைப் பின் சீட்டில் இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "இன்னா மேடம், கண்ணுல தண்ணி?"

"ஒண்ணுமில்லக்கா. பெரிய வேலை ஒண்ணு வந்துச்சு. வேணாம்னு சொல்லிட்டேன்."

"நல்லதாப் போச்சு. எனக்கு இன்னும் ரிவர்ஸ் வரலியே." ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்தார். "அது கெடக்கட்டும். பன்னெண்டு நாளா உங்கிட்ட வரேன். வந்த அன்னிக்கு எம்பேரு கேக்காமயே கிளட்ச்சைக் காட்டின. மூணாம் நாளுதான் பேரு கேட்ட. ஏன் அப்படி?"

"எனக்கு அப்படித்தான் பழக்கிவிட்டாங்கக்கா" என்றேன்.

திரும்பும்போது அதே பாலம். என் பக்கத்து பிரேக்கின் மேல் கால் வைத்திருந்தேன், அழுத்தவில்லை. வண்டி ஏற்றத்தில் ஒரு நொடி நின்றது, பின்வாங்கவில்லை, ஏறிவிட்டது. வாடையும் வரவில்லை, மீன் வாடையைத் தவிர. அக்கா சந்தோஷத்தில் ஹாரனை அழுத்தினார். எதிரே யாருமே இல்லை. உனக்காக நானும் என் கையை நீட்டி இன்னொரு தடவை அழுத்தினேன்.

காகிதத்தை அதே மடிப்பில் மடித்து டாஷ்போர்டிலேயே வைத்திருக்கிறேன். வேண்டாம் என்பதற்கு இரண்டு கையெழுத்து இருந்தது. வேணும் என்பதற்கு ஒரு ஆள் போதும் என்றாய் இல்லையா? அந்த ஒரு கையெழுத்தை, இந்த ஓட்டப் பழக்கும் வேலைக்கு, இன்று காலை நானே போட்டுக்கொண்டேன்.